பனியும் படிமமும்

தமிழில் பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் நிறையச் சமாளித்திருக்கிறோம். புல் நுனியில் நிற்பதும் பனி. மார்கழி விடியலில் தலைக்குத் துண்டு கட்ட வைப்பதும் பனி. மலைப்பாதையில் எதிரே வரும் ஆளை மறைப்பதும் பனி. இமயத்தில் கிடப்பதும் பனிதான். மொழிபெயர்ப்புகள் பெருகிய பிறகு ரஷ்யச் சமவெளிகளில் விழுவதும் பிராக் நகரத் தெருக்களில் விழுவதும் இதே சொல்லுக்குள் வந்து சேர்ந்தன. வாசகன் சிரமப்படவில்லை. தான் அறிந்த பனியைக் கொண்டு அறியாத பனியைக் கற்பித்துக்கொண்டான். நம் புதுக்கவிதையில் இத்தனை வருடங்களாகப் பெய்துகொண்டிருக்கும் பனியில் கணிசமான பகுதி இப்படிப் புத்தகங்களிலிருந்து பெய்தது. தனிமை, மரணம், மௌனம், மறதி என்று எதற்கும் அது பொருந்தி வந்தது. எதற்கும் பொருந்தி வருகிற ஒன்று எதையும் சுமக்கவில்லையோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு.

கோட்பாடு சொல்வது என் நோக்கமல்ல. 2016 அக்டோபர் முதல் 2017 மார்ச் முடிய ஒரு குளிர்காலம், வரலாறு படிக்கும் பரிமாற்ற மாணவனாக ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருந்தேன். அங்கே பார்த்தவற்றையும், அதே மாதங்களில் ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டவற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ஊர் நாகலூர். ஏற்காட்டுக்கு அப்பால், சேர்வராயன் மலையைச் சுற்றிவரும் சாலையில் இருக்கிறது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்கள் ஏற்காட்டை ஏழைகளின் ஊட்டி என்பார்கள். அவர்களில் சிலர் ஏரியோடு நின்றுவிடாமல் எங்கள் பக்கமும் வருவதுண்டு. சில்வர் ஓக் மரங்களுக்கிடையில் மேகம் இறங்குவதைப் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். ஆகா என்பார்கள், படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த மேகத்துக்குள் பறித்துக்கொண்டிருக்கும் பெண்கள் படத்தில் வருவதில்லை. வந்தாலும் மங்கலாக, ஒரு வண்ணமாகத்தான் வருவார்கள். காப்பிப் பறிப்பு நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும். அந்த மாதங்களில் இறங்கும் மேகத்துக்கு எங்கள் வீட்டில் இரண்டு அர்த்தங்கள் மட்டுமே உண்டு. பறிக்கிறவர்களின் சேலை முழங்கால்வரை நனையும். களத்தில் பரப்பிய காப்பி இன்றைக்கும் காயாது. அழகு மூன்றாவது அர்த்தமாக இருந்திருக்கலாம். அதற்கு யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில். எங்களுக்கு இருப்பது ஐந்து ஏக்கர். அதில் வருவது பள்ளிக்கூடம், கல்லூரி, கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஒருவாறு போதுமானதாக இருந்து வந்தது. நான் ஹாலேக்குப் புறப்பட்டது பறிப்புக்கு முந்தின மாதத்தில். பறிப்பில் நான் வீட்டில் இல்லாத முதல் வருடம் அதுதான்.

குளிர் எனக்குப் பழக்கமானது என்ற தைரியம் இருந்தது. எங்கள் ஊரில் தெர்மாமீட்டர் பத்து டிகிரிக்குக் கீழே போவது அரிது என்பதும், அந்த ஊரில் பத்து டிகிரி என்றால் கோட்டின் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொள்வார்கள் என்பதும் போன பிறகு தெரிந்த விஷயங்கள். ஆனால் குளிர்காலம் என்பது குளிர் மட்டுமல்ல. அது பெரும்பாலும் வீட்டு நிர்வாகம். மாணவர் விடுதியில் ஹீட்டரின் திருகில் 1 முதல் 5 வரை எண்கள். எத்தனையில் வைப்பது என்பதில் சமையலறையைப் பகிர்ந்துகொண்ட ஆறு பேருக்கும் ஆறு கொள்கைகள். எவ்வளவு குளிராயிருந்தாலும் நாளுக்கு இரண்டு மூன்று முறை ஜன்னலை அகலத் திறந்து காற்று விட வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்று கதவில் அறிவிப்பு. வெளியே போட்ட காலணி வாசலிலேயே நிற்க வேண்டும். ஈரக் கையுறை உலர்த்த ஓர் இடம், உலர்ந்த கையுறைக்கு வேறோர் இடம். சாயங்காலம் நான்கு மணிக்கு இருட்டிவிடும். நான்கு மணிக்கு இருட்டும் ஊரில் எட்டு மணிக்கு மனிதன் என்ன செய்வான் என்பதற்கு எனக்கு விடை கிடைக்க ஒரு மாதம் பிடித்தது. சோறு வடித்துக்கொண்டிருப்பான்.

ஹாலே உப்பால் பிழைத்த ஊர். பெயரிலேயே உப்பு இருக்கிறது என்பார்கள். நூற்றாண்டுகளாக உப்பு காய்ச்சி விற்றவர்களின் ஊரில் இப்போது சாலை உறையாமலிருக்க வண்டிகள் உப்பைத் தூவிக்கொண்டு போகின்றன. டிராம் நிறுத்தங்களில் வயதானவர்கள் குப்பைத்தொட்டிக்குள் கைவிளக்கு அடித்துக் காலி பிளாஸ்டிக் புட்டிகளைத் தேடுவார்கள். கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 25 சென்ட். இவர்களில் ஒருவர் மெல்லிய தோல் கையுறை அணிந்து, அலுவலகத்துக்குப் போகிறவரைப் போலவே இருப்பார். பனிக்காலத்து வறுமைக்கு நாம் மனத்தில் வைத்திருக்கும் உருவங்களில் அவர் அடங்கவில்லை.

காப்பியைக் கடைகளில் அரைக் கிலோ பொட்டலங்களாக அடுக்கியிருந்தார்கள். எந்த நாட்டுக் கொட்டை என்பது பல பொட்டலங்களில் போட்டிருக்காது. போட்டிருப்பது விலை. வறுத்த காப்பி ஒரு கிலோவுக்கு 2.19 யூரோ அரசாங்கம் தனியாக வரி வாங்குகிறது என்று வகுப்பில் ஒருவன் சொன்னான். அப்போதைய மாற்று விகிதத்தில் அது 150 ரூபாய்க்கு மேல். காப்பிச் செடி ஒன்றுகூட வளராத நாட்டின் கஜானாவுக்குக் காப்பியால் போகும் தொகை அது. இதில் அநியாயம் எதுவும் இருப்பதாகச் சொல்லவில்லை. கடைக்குள் நின்று அந்தக் கணக்கைப் போட்ட பிறகு பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது கனம் சற்று மாறியிருந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று இந்தியாவில் அறிவிப்பு வந்தது. முதல் பழம் சிவந்துகொண்டிருந்த வாரம். அந்த வருடம் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்துவிட்டிருந்தது. அப்பாவோடு பேசுவது அங்கே நான்கு மணிக்கு, இருட்டத் தொடங்கும்போது, ஊரில் எட்டரை. வங்கியிலிருந்து வாரத்துக்கு 24,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அதுவும் வங்கியில் பணம் வந்திருந்தால். பறிக்க வருகிறவர்களுக்கு எடைக்கணக்கில் கூலி. சந்தை நாளுக்கு முன் கையில் கொடுத்தாக வேண்டும். அவர்களில் பலருக்கு வங்கிக் கணக்கு என்பது ஏதோ ஒரு அட்டை, வீட்டில் எங்கோ இருக்கிறது.

"பணம் இருக்குது கண்ணு, எடுத்துக் குடுக்கத்தான் முடியல" என்றார் அப்பா.

உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வைத்திருந்ததை அனுப்பட்டுமா என்று கேட்டேன். சிரித்தார். "நீ அனுப்புனாலும் அது பேங்குக்குத்தான வரும்?"

இதற்குப் பதில் இல்லை. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பணத்தை ஒரு நொடியில் அனுப்பலாம்; ஏற்காட்டு வங்கி வாசலிலிருந்து நாகலூர் களம்வரை அதைக் கொண்டுபோக முடியாது. அப்பா ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்கினார். பெயர், நாள், கிலோ. ஒவ்வொரு சாயங்காலமும் எடை போட்டு எழுதி, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவார். சிலர் நம்பி வந்தார்கள். சிலர் நின்றுவிட்டார்கள்; அவர்கள் மேலும் குறை சொல்ல முடியாது. எழுத்தைக் கொண்டுபோய் அரிசி வாங்க முடியாது அல்லவா? பழம் காத்திருப்பதில்லை. சிவந்தது கறுத்துச் செடியிலேயே காய்ந்தது. அதில் ஒரு பகுதியை அந்த வருடம் நாங்கள் இழந்தோம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பேருந்தில் பிராக் போனேன். இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு அந்த ஊருக்கு ஏன் போனேன் என்று விளக்க வேண்டியதில்லை. வால்டாவா நதி இருந்தது, பாலம் இருந்தது, மேலே கோட்டை இருந்தது. பனி மட்டும் இல்லை. உலர்ந்த, எலும்புக்குள் போகும் குளிர். தெருக்களெல்லாம் உப்பும் மணலும் கலந்து பழுப்பாக இருந்தன. கோட்டைக்குள் தங்கச் சந்து என்ற குறுகலான தெருவில் 22ஆம் எண் வீடு. தங்கை ஒட்லா எடுத்துக் கொடுத்த அந்தச் சின்ன வீட்டில் 1916–17 குளிர்காலத்தில் காஃப்கா இரவுகளில் எழுதினார். சரியாக நூறு வருடம். இப்போது அது புத்தகக் கடை. உள்ளே ஐந்தாறு பேர் நின்றால் திரும்ப இடமில்லை. கூரை கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில் அவர் எழுதியவற்றுள் ஒன்று வாளியின் மேல் ஏறிப் போகிறவனின் கதை. நிலக்கரி தீர்ந்துபோன ஒருவன், கையில் காசு இல்லாமல், காலி வாளியின்மேல் உட்கார்ந்து பறந்து நிலக்கரி வியாபாரியிடம் கடன் கேட்கப் போகிறான். வியாபாரியின் மனைவி அவனைத் துரத்திவிடுகிறாள். நம்மிடையே இந்தக் கதை ஆன்மிகத் தனிமை, கருணையற்ற பிரபஞ்சம், கலைஞனின் நிலை என்றெல்லாம் வாசிக்கப்பட்டிருக்கிறது. தவறில்லை, கதை அதற்கெல்லாம் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தக் குறுகிய அறையில் நிற்கும்போது மனதில் பட்டது வேறு. அது உலகப்போரின் மூன்றாவது குளிர்காலம். நகரத்தில் நிலக்கரி கிடைக்கவில்லை. பக்கத்து ஜெர்மனியில் மக்கள் கால்நடைக்குப் போடும் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்ததால் அந்தக் குளிர்காலத்துக்கே கிழங்கின் பெயர் வந்தது. கதையில் இருக்கும் நிலக்கரி, முதலில், நிலக்கரி. பின்னால் கொடுக்கிறேன், இப்போது கொஞ்சம் போடு என்று கேட்கிறவன் முதலில் கடன் கேட்கிறவன். பிரபஞ்சம் எல்லாம் அதற்குப் பிறகு வருகிறது. அப்பாவின் நோட்டுப் புத்தகத்தை அந்த அறையில் நினைத்துக்கொண்டது தற்செயல் அல்ல.

ஜனவரி முதல் வாரத்தில் ஹாலேயில் பனி விழுந்தது. அந்த ஜனவரி அங்கே சில வருடங்களில் மிகவும் குளிரானது என்றார்கள். பனிக்குச் சத்தம் இல்லை என்று படித்திருக்கிறோம். அது உண்மைதான். ஆகவே அது விழுந்தது எனக்குத் தெரியவில்லை. விடிவதற்கு முன் என்னை எழுப்பியது நடைபாதைக் கல்லில் அகன்ற மண்வாரி உராயும் சத்தம். ஜன்னலைத் திறந்தால் கீழே ஒரு ஆள் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாம் வெண்மையாக, விவரிக்கத் தேவையில்லாதபடி அழகாக இருந்தது. அவர் தள்ளிய இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பாதை நீண்டுகொண்டு வந்தது. அந்த நாட்டில் வீட்டின் முன்னால் கிடக்கும் நடைபாதைப் பனியை அகற்றுவது வீட்டுக்காரரின் சட்டப்பூர்வமான கடமை. ஊருக்கு ஊர் நேரம் மாறும். காலை ஏழு மணி என்பது பரவலான கணக்கு. யாராவது வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தால் நஷ்டஈடு கேட்டு வழக்கு வரும்.

இந்தக் கடமையைப் பற்றித் தமிழில் கேட்டது அடுத்த வாரம். பொங்கல் அன்று சனிக்கிழமை. பெர்லினின் தெற்கே பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோவில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். காலணிகளைக் கழற்றி வைக்கும் இடத்தில் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. காலுறையோடு சிலர், வெறுங்காலோடு சிலர். சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவர் விசாரித்தார். அறுபதைத் தாண்டியவர். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பு அவருடைய வேலை.

"தம்பி எவ்விடம்? தமிழ்நாடோ? படிக்கவோ வந்தனீர்?"

சொன்னேன். அவர் எப்போது வந்தார் என்று கேட்டேன்.

"எண்பத்தி நாலாம் ஆண்டு மார்கழியிலை வந்தனான். கொழும்பிலை இருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலை இருந்து கிழக்கு பெர்லின். அண்டைக்குத்தான் முதல் முதலாப் பனியைக் கண்டது. காலிலை செருப்பு. வடிவு பாக்க ஆருக்கு நேரம்?"

1983 ஜூலைக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் வந்த வழி அது. கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்குவார்கள். கிழக்கு ஜெர்மனி வழிப்பயண விசா கொடுக்கும். ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசெ நிலையத்தில் ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். சுவரைத் தன் பக்கத்து எல்லையாக ஏற்காத மேற்கு, அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைத்திருக்கவில்லை. உலகம் முழுவதும் அச்சத்தோடு பார்த்த சுவருக்குத் தமிழனுக்கு மட்டும் ஒரு வாசல் இருந்தது என்று சொல்லலாம். 1985இல் இரு ஜெர்மனிகளும் பேசி அந்த வாசலை மூடின.

"இப்பவும் பனி கொட்டினால் விடியக் காலமை எழும்பித் தள்ளிப்போட்டு, உப்புப் போட்டுத்தான் தேத்தண்ணி. ஆரும் வழுக்கி விழுந்தால் எங்கடை தலையிலைதான் வரும். நீர் படிச்சு முடிய ஊருக்குப் போவீர்தானே?"

மார்ச் கடைசியில் போகிறேன் என்றேன்.

"அப்ப உமக்குப் பனி வடிவாத்தான் இருக்கும்" என்றார். அதில் குத்தல் இல்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார்.

வடிவு என்று அவர் சொன்னது அழகை. நாம் வடிவம் என்று இலக்கிய விவகாரமாக எழுதுவதும் அதே வேர்தான். திரும்பி வரும்போது ரயிலில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பனி எனக்கு வடிவாக இருப்பதற்குக் காரணம் என் கண் அல்ல. என்னிடம் இருந்த திரும்பும் டிக்கெட். கடந்து போகிறவனுக்கு எதுவும் படிமமாகிறது. தங்கிவிட்டவனுக்கு அதே பொருள் வேலையாகிறது. எங்கள் மலையின் மேகத்துக்கு வண்டியை நிறுத்துகிறவர்களுக்கும், மேகத்துக்குள் பறிக்கிறவர்களுக்கும் இருக்கும் இடைவெளியை ஜெர்மனியில் நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். அவருடைய பேச்சில் பனியைப் பற்றி இருந்தவை எல்லாம் வினைகள். பனி கொட்டும், பனி தள்ள வேண்டும், உப்புப் போட வேண்டும், கார்க் கண்ணாடியில் பிடித்ததைச் சுரண்ட வேண்டும், வழுக்கும். நம் கவிதைகளில் பனிக்கு இருப்பவை பெரும்பாலும் அடைமொழிகள். வெண்ணிறப் பனி, மௌனப் பனி, உறைந்த பனி. ஒரு புதிய நிலத்துக்குள் தமிழ் போவது அடைமொழியால் அல்ல, வினைச்சொல்லால் என்று தோன்றுகிறது. பனி பெய்யும் ஊரில் வாழ்வதற்கான தமிழை எழுத்தாளர்கள் உண்டாக்கவில்லை. நாற்பது வருடங்களாக விடியற்காலையில் மண்வாரியோடு நின்றவர்கள் உண்டாக்கியிருக்கிறார்கள்.

நான் ஹாலேயைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 1698இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஃபிராங்கே அனாதை இல்லமும் அதைச் சுற்றி வளர்ந்த பள்ளிகளும் நூலகமும் ஆவணக்காப்பகமும் அங்கேதான் இருக்கின்றன. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு அங்கே பயின்றவர். தமிழ் அச்செழுத்துகளை ஹாலேயில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். தமிழ் ஓலைச்சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. அனாதை இல்லத்தின் மேல்மாடியில் விசித்திரப் பொருள்களின் கூடம் ஒன்று உண்டு. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து மிஷனரிகள் அனுப்பியவை பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பிப்ரவரியில் அங்கே போய்க்கொண்டிருந்தேன். ஈரக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டும்.

1714 அக்டோபரில் சீகன்பால்கு விடுப்பில் ஐரோப்பா புறப்பட்டபோது மலையப்பன் என்ற தமிழ்ப் பையனைக் கூட அழைத்துப் போனார். பதின்வயதுப் பையன். மொழித் துணைக்காக. கப்பலில் சீகன்பால்கு தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதினார். அது 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. 1715–16 குளிர்காலம் ஐரோப்பாவில் கடுமையானது. லண்டனில் தேம்ஸ் நதி உறைந்து அதன்மேல் கடைகள் போட்டார்கள். தரங்கம்பாடியின் உப்புக்காற்றில் வளர்ந்த பையன் தன் முதல் பனியை அந்த வருடத்தில் பார்த்தான்.

பரிமாற்றம் என்ற சொல் என் விசாவிலும் உதவித்தொகைக் கடிதத்திலும் இருந்தது. இரு பக்கமும் சமமாகக் கொடுத்து வாங்குவதுபோல ஒலிக்கும் சொல். தமிழில் அதன் பக்கத்திலேயே பரிமாறுதல் இருக்கிறது. அதில் ஒருவன் உட்கார்ந்திருப்பான், ஒருவன் நின்றிருப்பான். மலையப்பனுக்குக் கிடைத்தது எது, கொடுத்தது எது என்று பார்த்தால், அந்த இலக்கணத்தின் முகப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது. வினைகளைத் திரித்துக் காட்ட ஒரு வாய் வேண்டியிருந்தது. ஒரு மொழியை அட்டவணையில் போடுவதற்கு முன் யாராவது ஒருவன் வந்தான், வருகிறான், வருவான் என்று பிறத்தியான் காதுக்கு விளங்கும்படி மெதுவாகச் சொல்லியாக வேண்டும். அது ஒரு வேலை. அந்த வேலையும் குளிரில் நடந்தது. அவன் ஊர் திரும்பினான். பிற்பாடு மிஷனிலேயே வேலை பார்த்தான். பெர்லினில் நான் சந்தித்தவருக்கு வாய்க்காத திரும்பும் பயணம் முந்நூறு வருடத்துக்கு முன் அவனுக்கு வாய்த்தது. ஆகவே காலம் முன்னேறியிருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

தொல்காப்பியம் பின்பனியைப் பாலைக்கு உரியதாக்கியது. பிரிவின் நிலம் அது. பிரிவுகளில் முக்கியமானது பொருள் தேடிப் போவது. அதாவது நம் இலக்கணத்தில் பின்பனி சம்பாதிக்க வீட்டை விட்டுப் போகிறவனோடுதான் வந்தது. திணைக்குக் கருப்பொருள்களை அடுக்கியபோது மரம், பறவை, தெய்வம் இவற்றோடு அந்த நிலத்து மக்கள் செய்யும் தொழிலையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். தொழிலைக் கழித்துவிட்டு மரத்தையும் பறவையையும் மட்டும் எடுத்துக்கொள்வது பிற்காலத்து வசதி. மொழிபெயர்ப்பில் பனி வந்தபோதும் நாம் இதைத்தான் செய்தோம். பனி வந்தது, மண்வாரி வரவில்லை; வாளி வந்தது, நிலக்கரி வரவில்லை.

இதனால் படிமமே பொய் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். காஃப்கா நிலக்கரிக்கு அலைந்த குளிர்காலத்தில்தான் அந்த வாளி பறந்தது. தட்டுப்பாடு அவ்வளவு உண்மையாக இருந்ததால் பறத்தல் நம்பும்படி இருக்கிறது. கேள்வி, படிமம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. அது எந்தச் சுமையைக் கீழே வைக்காமல் எழும்பியது என்பது.

பங்குனியில் ஊர் வந்தேன். நோட்டுப் புத்தகத்துக் கணக்குகளை அப்பா தைக்குள் முடித்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கோடு. கோடு போட்ட பிறகும் அதை எறியவில்லை; அலமாரியில் பத்திரங்களோடு வைத்திருந்தார். ஜெர்மனியில் பனி எப்படி இருக்கும் என்று அத்தை கேட்டார். காப்பிப் பூத்த மாதிரி என்று சொல்லியிருக்கலாம். வெளியூர்க்காரர்கள் காப்பித் தோட்டம் பூத்திருக்கும்போது அப்படித்தான் சொல்கிறார்கள், பனி பெய்த மாதிரி என்று. எங்கள் வீட்டில் பூவைப் பார்த்தால் அடுத்த மழை எப்போது, எத்தனை பிஞ்சு நிற்கும் என்ற பேச்சுதான் வரும். "தினமும் வாசல்ல இருந்து தள்ளணும் அத்தை" என்றேன். அவருக்கு உடனே புரிந்தது.

காஃப்காவின் கதையில் வாளி பறப்பதற்குக் காரணம் அது காலியாக இருப்பது. நிரம்பியிருந்தால் தரையில்தான் இருக்கும், கதையும் இருக்காது. எங்கள் தோட்டத்தில் கூடை காலியாக இருந்தால் பறப்பதில்லை. அன்றைக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான்.